கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாகனப் பராமரிப்பு குறித்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சுற்றி வருகின்றன. வண்டியை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்திலேயே தொடர்ந்து விடுவதா, வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதா என்பதே அது. பட்டறையில் வேலை பார்த்த ஆண்டுகளும், பிறகு ஒரு சேவை மையத்தின் முன்மேசையில் ஜாப் கார்டு, அதாவது வாடிக்கையாளர் சொல்லும் குறைகளைக் குறிக்கும் படிவம், எழுதிய ஆண்டுகளும் எனக்கு உண்டு. இரண்டு பக்கமும் கண்ட மனத்தோடு, தேர்ந்தெடுத்த சில கடிதங்களுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் காரின் வாரண்டி சென்ற மாதத்தோடு முடிந்தது. இனிமேலும் கம்பெனி சர்வீஸுக்கே விட வேண்டும் என்கிறார் என் தந்தை. வெளியில் நல்ல மெக்கானிக்கைப் பிடித்துக்கொள் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். எப்படி முடிவு செய்வது? (கல்லூரி விரிவுரையாளர் ஒருவர்)

பதில்: வண்டி முழுமைக்குமாக ஒரே இடத்தைத் தேடுவதால்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எந்த இடம் பொருத்தம் என்று கேட்டுப் பாருங்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். என்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றுவது, ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் பேட், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றுக்கு வேண்டியவை சரியான தரமுள்ள பொருள், சரியான அளவு இறுக்கம், அவசரப்படாத கை ஆகிய மூன்றுமே. இவை எந்த நிறுவனத்தின் சுவருக்குள்ளும் பூட்டி வைக்கப்பட்ட இரகசியங்கள் அல்ல. வண்டியோடு வரும் கையேட்டில் ஆயிலின் தரமும் பாகுத்தன்மையும் கொள்ளளவும் அச்சிடப்பட்டே இருக்கின்றன.

தொலைந்த சாவிக்குப் பதில் புதுச் சாவியை இம்மொபிலைசரோடு (சரியான சாவி இல்லாமல் என்ஜினை இயங்கவிடாத திருட்டுத் தடுப்பு அமைப்பு) இணைப்பது, கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருளைப் புதுப்பிப்பது, ஏர்பேக் அமைப்பில் தோன்றும் கோளாறு, முன்கண்ணாடியில் கேமரா உள்ள வண்டியில் அந்தக் கண்ணாடியை மாற்றிய பிறகு கேமராவின் பார்வைக் கோணத்தை மறுபடி அளந்து அமைப்பது போன்ற வேலைகள் வேறு வகை. இவற்றுக்குச் சிறப்புக் கருவியும், நிறுவனத்தின் கணினியோடு தொடர்புகொள்ளும் அனுமதியும் தேவைப்படலாம். அவை வெளிப் பட்டறைகளில் எப்போதும் கிடைப்பதில்லை. இத்தகைய வேலைகளுக்குத் தயங்காமல் சேவை மையத்துக்குச் செல்லுங்கள்.

சேவை மையத்துக்கு இன்னொரு வலிமையும் உண்டு. உங்கள் வண்டியைப் போன்ற வண்டிகளையே நாள்தோறும் பார்ப்பதால், குறிப்பிட்ட மாடலில் எங்கே சத்தம் வரும், எந்தக் குழாய் முதலில் கசியும் என்பது அங்கே பழகிய செய்தி. மேலும், ஒரே குறை பல வண்டிகளில் தென்படும்போது, அதை எப்படிச் சரிசெய்வது என்ற தொழில்நுட்பச் சுற்றறிக்கையை நிறுவனம் தன் சேவை மையங்களுக்கு அனுப்பும். வெளி மெக்கானிக் இரண்டு நாள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதை, அந்தச் சுற்றறிக்கையைப் படித்தவர் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

நல்ல வெளி மெக்கானிக்கின் வலிமை அவருடைய நினைவு. சென்ற முறை இடது முன்சக்கரத்தின் பேரிங்கில் இலேசான இரைச்சல் இருந்தது, இந்த முறை அது கூடியிருக்கிறதா என்று அவர் தாமாகவே சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பார். சேவை மையத்தில் நீங்கள் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். வண்டியில் கை வைப்பவர் வேறு ஒருவர், அடுத்த முறை அவரும் மாறியிருப்பார். நீங்கள் 'மேடு ஏறும்போது இரண்டாம் கியரில் மட்டும் ஒரு நடுக்கம்' என்று சொன்னது ஜாப் கார்டில் 'நடுக்கம்' என்று சுருங்கி, வேலை செய்பவரைச் சேரும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது. முன்மேசையில் இருந்த காலத்தில் நானும் அவசரத்தில் அப்படிச் சுருக்கி எழுதியதுண்டு. ஆகவே சேவை மையத்துக்குச் சென்றால், குறையை எப்போது, எந்த வேகத்தில், என்ஜின் சூடாக இருக்கும்போதா குளிர்ந்திருக்கும்போதா என்பது உட்பட ஒரு தாளில் எழுதி, அதை ஜாப் கார்டோடு இணைக்கச் சொல்லுங்கள். இயன்றால் தொழில்நுட்பப் பணியாளரோடு ஒரு சிறு ஓட்டம் போய் வாருங்கள்.

உங்கள் நிலையில் நான் செய்யக்கூடியது இது. வழக்கமான பராமரிப்பை நம்பத்தக்க ஒரு வெளி மெக்கானிக்கிடம் கொடுப்பேன். ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது கணினி சார்ந்த வேலை வரும்போது, சேவை மையத்துக்குச் சென்று முழுப் பரிசோதனையும் நிலுவையிலுள்ள மென்பொருள் மாற்றங்களும் செய்துகொள்வேன். வாரண்டி முடிய இன்னும் ஓரிரு மாதம் இருக்கும் வாசகர்கள், முடிவதற்கு முன்பே ஒரு முழுப் பரிசோதனை கேட்டுப் பெறுங்கள். சிறிய ஆயில் கசிவோ ஸ்டியரிங்கில் ஒரு தட்டலோ அப்போது பதிவாகிவிட்டால், அதைச் சரிசெய்வது நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும்.

கேள்வி: வாரண்டிக் காலத்தில் ஒரு முறை வெளியில் ஆயில் மாற்றினாலே வாரண்டி முழுவதும் ரத்தாகிவிடும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: அப்படியே உண்மை என்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பல நாடுகளில் சட்டமோ ஒழுங்குமுறை ஆணையமோ இதில் தலையிட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்–மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட நிறுவனத்தின் பொருளையோ சேவையையோ இலவசமாகத் தராமல், அதைப் பயன்படுத்துவதையே வாரண்டிக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்கிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்கள் மீது பிறப்பித்த ஆணையில், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காகவே வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே பொறுப்பை மறுக்கலாம் என்று கூறியது. அந்த ஆணையை நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குக் கொண்டுசென்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சட்டத்தின் பொதுவான போக்கு இதுதான்: வெளியில் ஆயில் மாற்றியதற்கும் ஜன்னல் மோட்டார் பழுதானதற்கும் தொடர்பில்லை, ஆகவே அந்த மோட்டாருக்கான வாரண்டியை அதைக் காட்டி மறுக்க முடியாது. ஆனால் என்ஜினே பழுதாகும்போது நிலைமை மாறும். எந்த ஆயில், எப்போது, எத்தனை கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்று கேட்பார்கள். அப்போது கையில் சான்று இல்லாதவர் வாதாடித்தான் தீர வேண்டும். அந்த வாதம் மாதக்கணக்கில் நீளும், அதுவரை வண்டி நிற்கும். இதனால்தான் வாரண்டிக் காலத்தில் நிறுவன மையத்திலேயே விடுங்கள் என்று நான் சொல்லி வருகிறேன். இங்கே நீங்கள் வாங்குவது வேலையின் தரத்தை மட்டுமல்ல, பின்னால் வழக்காடாமல் இருக்கும் நிம்மதியையும்தான்.

கூடுதல் கட்டணம் செலுத்தி வாங்கும் நீட்டிக்கப்பட்ட வாரண்டி வேறு ஒப்பந்தம். அதன் நிபந்தனைகளில் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில், குறித்த கிலோமீட்டருக்குள் பராமரிக்க வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். கையொப்பமிடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

வெளியில் செய்வதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் தேதி, ஓடோமீட்டர் எண், ஆயிலின் முழுத் தரக் குறியீடு, ஃபில்டரின் பாக எண் ஆகியவை எழுதப்பட்ட பில் வாங்குங்கள். 'சர்வீஸ் செய்தது' என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு எந்த மேசையிலும் செல்லாது.

கேள்வி: சேவை மையத்தில் ஒவ்வொரு முறையும் என்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், அண்டர்பாடி பூச்சு என்று பட்டியல் நீள்கிறது. கடைசியாக பிரேக் ஆயிலும் மாற்ற வேண்டும் என்றார்கள். நான் எல்லாவற்றையும் மறுத்துவிட்டேன். சரியாகச் செய்தேனா? (வங்கி ஊழியர்)

பதில்: ஒன்றைத் தவிர மற்றவற்றில் உங்கள் மேல் குறை காண மாட்டேன். அந்த ஒன்றைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. தேவையற்றவற்றைத் தலையில் கட்டும் பழக்கத்தால் விளையும் மிகப் பெரிய கேடு, வாடிக்கையாளர் தேவையானதையும் சேர்த்துத் தள்ளிவிடுவதுதான்.

நீங்கள் பிரேக் ஆயில் என்று குறிப்பிட்ட பிரேக் ஃபுளூயிட், காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ரப்பர் குழாய்கள் வழியாகவும் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் இது நிற்பதில்லை. டாட் 4 தர ஃபுளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த நிலையில் தரநிலை கோரும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரி மட்டுமே. டாட் 3 தரத்தில் இந்த எண்கள் 205, 140. நீண்ட மலைச் சரிவில் சுமையோடு இறங்கும்போது பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர்கள் கடுமையாகச் சூடேறும். நீர் சேர்ந்த ஃபுளூயிட் அந்தச் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழ்களை உண்டாக்கும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே நீங்கள் மிதிக்கும் அழுத்தம் சக்கரத்தைச் சேராமல் குமிழ்களைச் சுருக்குவதிலேயே வீணாகி, பெடல் தரை வரை இறங்கிவிடும். சமதளத்தில் அன்றாடம் ஓட்டும்போது இதன் அறிகுறி ஏதும் தெரியாது என்பதுதான் இதில் அச்சம் தரும் பகுதி. பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். வெளி மெக்கானிக்குகள் பலர் 'அளவு சரியாக இருக்கிறது' என்று மேலே ஊற்றி மூடிவிடுகிறார்கள். அளவு சரியாக இருப்பது ஈரம் சேரவில்லை என்பதற்குச் சான்றாகாது.

மற்றவற்றைப் பொறுத்தவரை ஒரே ஒரு கேள்வி போதும்: 'இது கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?' இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால், என்ன குறையைக் கண்டு இதைப் பரிந்துரைக்கிறார்கள் என்று கேளுங்கள். குறிப்பிட்ட காலத்தில் ஆயில் மாற்றி வந்த என்ஜினுக்கு ஃபிளஷ் தேவைப்படுவதில்லை. எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் சீராக இயங்கினால் அதைச் சுத்தம் செய்யக் காரணமில்லை. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் மட்டும், டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, பெரிய பள்ளத்தில் விழுந்திருந்தாலோ அவசியம்.

மறுப்பதைப் பணிவாகவும் எழுத்திலும் மறுங்கள். ஜாப் கார்டிலேயே 'என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்ய வேண்டாம்' என்று எழுதிக் கையொப்பமிடுவது உங்கள் உரிமை. அதில் எவரும் மனம் நோக வேண்டியதில்லை.

கேள்வி: டேஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தது. எங்கள் மெக்கானிக் ஸ்கேனர் வைத்துப் பார்த்து ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். பத்து நாளில் மறுபடி எரிந்தது. இன்னொரு சென்சாரையும் மாற்றிவிட்டார். இப்போதும் எரிகிறது. ஸ்கேனர் பொய் சொல்லுமா?

பதில்: ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது சொன்னதற்கு மேல் அவர் புரிந்துகொண்டுவிட்டார். வண்டியிலுள்ள 16 முனைச் செருகியில் ஸ்கேனரை இணைத்தால் ஒரு குறி எண் கிடைக்கும். உதாரணத்துக்கு, பி0171 என்ற எண்ணின் பொருள் எரிபொருள் கலவையில் காற்று மிகுந்து எரிபொருள் குறைந்திருக்கிறது என்பதே. ஏன் குறைந்தது என்பதை அது சொல்லாது. காற்றுக் குழாயில் எங்கோ ஒரு விரிசல் இருக்கலாம், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரில் தூசி படிந்திருக்கலாம், எரிபொருள் பம்பின் அழுத்தம் குறைந்திருக்கலாம். புகையிலுள்ள ஆக்சிஜனை அளந்து, இந்தக் குறையைக் கண்டு கணினிக்கு அறிவித்ததே ஆக்சிஜன் சென்சார்தான். தீ எச்சரிக்கை மணி அடித்தது என்பதற்காக மணியைக் கழற்றி மாற்றியதைப் போன்றது அவர் செய்த வேலை.

எந்த இடமாக இருந்தாலும் இங்கே பார்க்க வேண்டியது, பாகத்தை மாற்றும் முன் அது பழுதா என்று சோதித்தார்களா என்பதே. சென்சாரின் மின்னழுத்தத்தை அளந்தீர்களா, காற்றுக் கசிவைப் புகை விட்டுப் பார்த்தீர்களா, விளக்கு எரிந்த நொடியில் என்ஜினின் வேகமும் வெப்பமும் என்னவென்று கணினி சேமித்து வைத்த பதிவைப் படித்தீர்களா என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளால் மகிழ்வார். பழுதைக் கண்டறிவதற்கென்றே தனிக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். கண்டறியும் உழைப்புக்குக் கூலி தர மறுக்கும்போது, அந்தக் கூலியைத் தேவையற்ற பாகத்தின் விலையாக நாம் கொடுக்கிறோம்.

உங்கள் வண்டியை, மின்சார வேலையில் தேர்ந்த வேறொருவரிடமோ சேவை மையத்திலோ காட்டுங்கள். இதுவரை மாற்றிய பாகங்களின் பில்களையும் உடன் கொண்டுசெல்லுங்கள். இதற்கிடையில் அந்த விளக்கு சீராக எரியாமல் விட்டு விட்டு மின்னத் தொடங்கினால், வண்டியை ஓட்ட வேண்டாம். சிலிண்டரில் எரியாத எரிபொருள் வெளியேறி, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சுட்டு அழிக்கும் நிலை அது.

கேள்வி: புதிய ஊருக்கு மாறியிருக்கிறேன். தெரிந்தவர் யாருமில்லை. ஒரு மெக்கானிக்கை எப்படிச் சோதித்து நம்புவது? (செவிலியர்)

பதில்: பெரிய வேலையோடு போகாதீர்கள். ஆயில் மாற்றமோ பிரேக் பரிசோதனையோ போன்ற சிறு வேலையைக் கொடுத்து, அருகில் நின்று பாருங்கள். சக்கரத்தின் நட்டுகளை ஏர் கன்னால் இறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறாரா, டார்க் ரெஞ்ச் எடுத்து அளவோடு இறுக்கி முடிக்கிறாரா? இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு நட்டுக்கும் இத்தனை நியூட்டன் மீட்டர் என்று நிறுவனம் எண் குறித்திருப்பது வீணாக அல்ல. மிகையாக இறுக்கினால் போல்ட் நீண்டு பலவீனமாகும், குறைத்து இறுக்கினால் ஓட்டத்தில் தளரும். ஆயில் டப்பா உங்கள் கண்முன் திறக்கப்படுகிறதா என்பதையும் பாருங்கள். வடிகால் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுகிறாரா என்பதைக் கவனித்தாலே அவருடைய பழக்கம் தெரிந்துவிடும்.

அவர் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா என்பது இன்னும் முக்கியமானது. சத்தம் என்று சொன்னதும் 'புஷ் போயிருக்கும், மாற்றிவிடலாம்' என்பவரைவிட, 'எப்போது வருகிறது? ஓட்டிக் காட்டுங்கள்' என்பவரிடம் போங்கள்.

என் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வண்டியின் தானியங்கி கியர்பாக்ஸ் மாறும்போது ஓர் உதறல் தோன்றியது. மூன்று இடங்களில் ஃபுளூயிட்டை மாற்றினால் சரியாகிவிடும் என்றார்கள். நான்காவதாகச் சென்ற பட்டறையில், ஒரு நடுத்தர வயதுக்காரர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, 'இந்த வகை கியர்பாக்ஸ் எனக்குப் பழக்கமில்லை, இதற்கான ஃபுளூயிட்டை ஊற்றும்போது வெப்பத்தைக் கணினியில் பார்த்துக்கொண்டே அளவு வைக்க வேண்டும், அந்தக் கருவி என்னிடம் இல்லை, கம்பெனிக்கே போங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அன்று அவர் ஒரு வேலையை இழந்தார். கியர்பாக்ஸை அவர் சொன்ன இடத்தில் சரிசெய்துகொண்ட மறுவாரமே மற்ற வேலைகள் அனைத்தையும் அவரிடம் கொண்டுபோனேன். அந்த வண்டியை விற்கும் நாள் வரை அவர்தான் பார்த்தார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரிடம், தெரியும் என்று சொல்வதை நம்பிக் கொடுக்கலாம்.

மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். முகம் மாறாமல் எடுத்துக் காட்டி, தேய்மானம் எங்கே என்று விளக்குபவராக இருந்தால் போதும். பிரேக் பேடின் உராயும் பகுதி புதிதில் பொதுவாக 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், 3 மில்லிமீட்டரை நெருங்கும்போது மாற்ற வேண்டும். கழற்றியதில் 6 மில்லிமீட்டர் மிச்சமிருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இந்தச் சோதனையைச் சேவை மையத்திலும் செய்யுங்கள்.

கேள்வி: வெளி மெக்கானிக்குகள் போலிப் பாகங்களைப் பொருத்திவிடுவார்கள் என்ற பயம் எனக்கு. கம்பெனி ஒரிஜினல் மட்டும்தான் நம்பத்தக்கதா?

பதில்: பாகங்களில் மூன்று வகை உண்டு. வாகன நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒன்று. அந்தப் பாகத்தை நிறுவனத்துக்குச் செய்து கொடுக்கும் உற்பத்தியாளர், தன் சொந்தப் பெட்டியில் விற்பது இரண்டாவது. பாஷ், டென்சோ, வாலியோ, மாலே போன்றவர்கள் இவ்வாறு நிறுவனங்களுக்கும் கொடுத்து வெளிச் சந்தையிலும் விற்கிறார்கள். இதை வாங்குவதில் தவறே இல்லை. பெயர் தெரியாதவர் செய்ததும், தெரிந்த பெயரைத் திருடி அச்சிட்டதும் மூன்றாவது வகை. அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

ஓர் ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே டப்பாதான். உள்ளே, என்ஜினை நிறுத்தியதும் ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் தடுப்பும், ஃபில்டர் அடைபட்டால் ஆயிலை நேராக என்ஜினுக்கு விடும் வால்வும் இருக்கின்றன. போலியில் அந்த ரப்பர் விரைவிலேயே இறுகிவிடலாம். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் ஸ்டார்ட் செய்யும்போது முதல் சில நொடிகள் என்ஜின் ஆயிலின்றிச் சுழலும். பிரேக், ஸ்டியரிங் பாகங்களிலும் டைமிங் பெல்ட்டிலும் பேச்சுக்கே இடமில்லை, முதல் இரண்டு வகை மட்டுமே. ஐயமிருந்தால் பாகத்தை நீங்களே அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கிக் கொடுங்கள். ஆனால் அப்படிக் கொடுத்த பாகம் பழுதானால் மெக்கானிக் பொறுப்பேற்க மாட்டார் என்பதை முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுப் பழைய கார். ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. சேவை மையத்தில் முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். வெளியில் பிரித்துச் சரிசெய்யலாம் என்கிறார்கள். யாரைக் கேட்பது?

பதில்: வெளியில் கேளுங்கள். வண்டி ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரில் பொதுவாகத் தேய்வது கார்பன் பிரஷ், பேரிங், அல்லது ரெகுலேட்டர். இவற்றை மாற்றிச் சோதனை மேசையில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் திறமை மிக்க ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். சேவை மையம் முழு உறுப்பையே மாற்றுவது ஏமாற்று என்று நினைக்காதீர்கள். பிரித்துச் செய்த வேலைக்கு உத்தரவாதம் தருவதும், அதற்கென ஆள் வைப்பதும் அவர்களுடைய அமைப்புக்கு ஒத்துவராது. பழைய வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார், ரேடியேட்டர் ஃபேன், கதவுப் பூட்டு போன்றவற்றிலும் இதே விடைதான். ஆனால் பிரேக் மாஸ்டர் சிலிண்டர், ஏர்பேக், சீட் பெல்ட் இழுவிசைக் கருவி ஆகியவற்றைப் பிரித்து ஒட்டுப்போட எவரையும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி: என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டி வாங்கியிருக்கிறேன். இதை வெளியில் தொடவே கூடாதா?

பதில்: ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளை எட்டும் எந்த வேலையும் பயிற்சி பெற்றவருக்கே உரியது. அவற்றில் ஓடுவது பல நூறு வோல்ட். பேட்டரியின் இணைப்பைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும். வேலை செய்பவரிடம் உயர் மின்னழுத்தக் கையுறையும், மின்சாரம் இல்லை என்று அளந்து உறுதிசெய்யும் பழக்கமும் இருக்க வேண்டும். இதை மெக்கானிக்கின் உயிருக்காகவே சொல்கிறேன். டயர், பிரேக் பேட், சஸ்பென்ஷன், ஏசி ஃபில்டர், என்ஜின் ஆயில் ஆகியவற்றை வெளியில் செய்யலாம். மோட்டாரே வேகத்தைக் குறைத்துத் தருவதால் பிரேக் பேடுகள் மெதுவாகத்தான் தேயும். அதனாலேயே காலிப்பரின் நகரும் ஊசிகள் துருப்பிடித்து இறுகும் வாய்ப்பு உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பிரேக் ஃபுளூயிட் பற்றி மேலே எழுதியது இதற்கும் பொருந்தும்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக வெளியிலேயே சர்வீஸ் செய்து வருகிறேன். இப்போது என் மாடலுக்கு ஏர்பேக் ரீகால் அறிவித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சேவை மையத்தில் ஏற்றுக்கொள்வார்களா?

பதில்: ஏற்றுக்கொள்வார்கள். பாதுகாப்புக் குறைக்காக நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதற்கும், நீங்கள் எங்கே சர்வீஸ் செய்தீர்கள் என்பதற்கும் தொடர்பில்லை. நீங்கள் இரண்டாவது உரிமையாளராக இருந்தாலும் சேவை மையத்தில் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். சில நாடுகளில் வண்டியின் வயதுக்கு வரம்பு உண்டு. ஆனால் உங்கள் மாடலுக்கு அறிவிப்பு வந்திருந்தால் தயங்காமல் கேளுங்கள். ஏன் தவறவிடக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம்: டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்குகளில், பையை விரிக்கும் ஊதிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கான வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விரியும் நேரத்தில் வெடித்து உலோகத் துண்டுகளை ஓட்டுநர் மீது வீசியது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டி பழையதாக ஆக ஆபத்து கூடும் குறை அது. ஆனால் பழைய வண்டிகளின் உரிமையாளர்கள்தான் சேவை மையத்தோடு தொடர்பு விட்டுப்போனவர்கள், அறிவிப்புக் கடிதம் சென்று சேராதவர்கள்.

முன்கண்ணாடியின் கீழ் மூலையிலோ கதவுத் தூணிலோ பதிவுச் சான்றிலோ 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. ஆகவே வட்டமாகத் தெரிவது பூஜ்யம், நேர்கோடாகத் தெரிவது ஒன்று என்றே படியுங்கள். அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டால் நிலுவையிலுள்ள திரும்ப அழைப்புகள் தெரியும், அல்லது சேவை மையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாலும் பார்த்துச் சொல்வார்கள். பாகம் கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள் வரும்வரை, குறையுள்ள ஏர்பேக் இருக்கும் இருக்கையில் எவரையும் அமர்த்தலாமா, வண்டியை ஓட்டலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.